ஒரு தட்டுக் கொக்கிளாய் மணலில் டி தொகுப்பும் எஃப் தொகுப்பும்

முல்லைத்தீவின் கொக்கிளாய்க் கரையில் அள்ளிய கறுப்பு மணலைத் தட்டில் காயப்போட்டு, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மேலே பிடித்தேன். கொஞ்சம்தான் ஒட்டியது. பழுதான கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனதும் மீசை முளைத்ததுபோல் கொத்தாக ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற மருமகன் உயர்தரம் படிக்கிறான்.

"மாமா, தாண்டல் மூலகங்களுக்குப் பக்கம் பக்கமா நோட்ஸ் தந்திருக்கினம். ஆவர்த்தன அட்டவணைக்குக் கீழ கிடக்கிற ரெண்டு வரிசையைப் பற்றி ஒண்டும் இல்லை. அது தேவையில்லையோ?"

அந்தத் தட்டிலேயே இரண்டும் இருந்தன. கறுப்பாக மின்னுவதில் பெரும்பகுதி இல்மனைட்டு. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்தது, இரண்டுமே தாண்டல் உலோகங்கள், அட்டவணையின் நடுவில் இருக்கும் டி தொகுப்பு. அதற்குள் மிகக் கொஞ்சமாக மொனசைட்டும் கிடக்கும். சீரியம், நியோடிமியம், தோரியம் போன்றவற்றின் பொசுபேற்று அது. அட்டவணைக்குக் கீழே கிடக்கும் உள்தாண்டல் மூலகங்களின் பக்கம், அதாவது எஃப் தொகுப்பு. அதில் மேல்வரிசை இலந்தனைட்டுகள், கீழ்வரிசை அக்தினைட்டுகள்.

வித்தியாசம் இலத்திரன் நிற்கும் இடத்தில். எஸ், பி, டி, எஃப் என்பவை அணுவுக்குள் இலத்திரன் நிற்கும் இடங்களின் பெயர்கள், முன்னால் வரும் எண் எத்தனையாவது ஓடு என்பது. தாண்டல் உலோகத்தின் டி இலத்திரன்கள் வேலிக்கரையில் நின்று அயலோடு கதைக்கிறவை. இலந்தனைட்டுகளின் 4எஃப் இலத்திரன்கள் 5எஸ், 5பி இலத்திரன்களுக்கு உள்ளே, அறைவீட்டுக்குள் அடங்கிக் கிடப்பவை.

எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில் கொஞ்ச நேரம் விட்டால் காவி. நிலத்துக்குள் +2 ஆக (ஒட்சியேற்ற நிலை, அணு இழந்த இலத்திரன்களின் கணக்கு) கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு +3 ஆகிப் படிகிறது. வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் படும் பாடு அம்மாமாருக்குத் தெரியும். மங்கனீசு இன்னும் கூத்து, +7 வரை ஏறும். இலந்தனைட்டுகள் +3இல் குந்தினால் குந்தினதுதான். சீரியம் +4க்கும் யூரோப்பியம் +2க்கும் போய்வருவது விதிவிலக்கு. கீழ்வரிசை அக்தினைட்டுகளில் மட்டும் கதை வேறு. யுரேனியம் +3 முதல் +6 வரை காட்டும், ஏறக்குறையத் தாண்டல் உலோகம் மாதிரி.

நிறத்துக்கு என் வாக்கு டி தொகுப்புக்குத்தான். கோபால்ற்றுக் குளோரைட்டின் இளஞ்சிவப்புக் கரைசலில் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் நீலமாகிவிடும். நியோடிமியத்தின் மென்னூதா, பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் பெரிதாக அசையாது.

இப்படி எல்லாமே ஒரே சாயலில் இருப்பதால் இலந்தனைட்டுகளைப் பிரிப்பது பெரும்பாடு. 1841இல் சுவீடன் இரசாயனவியலாளர் மொசாண்டர் டிடிமியம் என்று ஒரு மூலகத்தை அறிவித்தார். அது ஒன்றல்ல, பிரசியோடிமியம், நியோடிமியம் என்ற இரண்டு என்று 1885இல்தான் ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் காட்டினார். பெற்றோமக்ஸ் விளக்கில் ஒளிரும் வலையான மென்ரிலும் இவருடைய வேலைதான். ஏறக்குறைய 99% தோரியம் ஒட்சைட்டு, 1% சீரியம் ஒட்சைட்டு. கரண்ட் இல்லாத வன்னியில், மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பெற்றோமக்ஸில் எரிந்து வெளிச்சம் தந்தது எஃப் தொகுப்பு. (இலங்கையில் தோரியனைட்டு என்ற கனிமத்தை 1904இல் கண்டெடுத்தவர், பின்னாளில் கலை அறிஞராகப் பேர்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அவருடைய முதல் தொழில் கனிமவியல்.)

சரி, காந்தம். ரேடியோவில் இருந்தது இரும்பு ஒட்சைட்டை அடிப்படையாகக் கொண்ட பெரைற்று. மற்றதில் 2 நியோடிமியம் அணுவுக்கு 14 இரும்பு, 1 போரன். கணக்கைப் பார்த்தால் அதுவும் இரும்புக் காந்தம்தான். இழுவையில் பெரும்பங்கு இரும்பினுடையது. அதைத் திசைமாற விடாமல் கட்டிவைத்திருப்பது நியோடிமியம்.

"சோதினைக்கு டியைப் படி" என்றேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை, காந்தத்தில் ஒட்டிய மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அடுத்தமுறை காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பிடிக்கவேண்டும். காந்தத்தை வெளியே இழுத்தால் மணல் தானாகக் கொட்டும்.