லுவார் ஆற்றின் ஐந்து ஒயின்கள், ஐந்து சுற்று விருந்து: ஒரு மதிப்பீடு

பல சுற்று விருந்துக்குப் பிரெஞ்சு ஒயின் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஷாம்பேனில் தொடங்கி, பூர்கோன் வெள்ளை, போர்தோ சிவப்பு என்று ஊர் ஊராகத் தாவி, சோதெர்ன் இனிப்பு ஒயினில் முடிப்பார்கள். செலவும் ஏறும், ஒவ்வொரு புட்டியும் ஒரு பக்கம் இழுக்கும். லுவார் பள்ளத்தாக்கு ஒன்றே ஒரு முழு விருந்துக்குப் போதும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும் இந்த ஆறு பிரான்சிலேயே நீளமானது. கடலோரம் நாந்த் நகரைச் சுற்றி முஸ்காடே என்ற வெள்ளை ஒயின் விளைகிறது. நடுவில் ஆஞ்சே, தூர் நகரங்களின் பக்கம் ஷெனின் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் கபர்னே ஃபிராங் என்ற சிவப்புத் திராட்சையும். கிழக்கே சான்சேரில் சோவின்யோன் பிளாங் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சை. குளிர்ந்த பகுதி என்பதால் இவை எல்லாவற்றிலும் நல்ல புளிப்பு இருக்கும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறைந்த சாப்பாட்டில் நாக்கை வழித்துவிட்டு அடுத்த வாய்க்கு இடம் பண்ணுவது அந்தப் புளிப்புதான்.

அளவு: சுற்றுக்கு ஆளுக்கு 100 மி.லி. என்றால் 750 மி.லி. புட்டி ஒன்று ஏழு பேருக்கு வரும். கடைசி இனிப்பு ஒயின் 60 மி.லி. போதும். இப்படி ஊற்றினாலே ஒருவருக்கு 460 மி.லி. ஆகிவிடுகிறது. ஆகவே 75 மி.லி.க்குக் குறைத்து, தண்ணீர்க் குவளை காலியாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் சுற்று பச்சையாகச் சாப்பிடும் சிப்பியும் முஸ்காடே செவ்ர் எ மேனும். லேபிளில் 'சுர் லீ' (வண்டலின் மேல்) என்று இருப்பதையே வாங்குங்கள். மெலோன் த பூர்கோன் என்ற இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே மணம் குறைவு. நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுவதும் கிடந்து, மார்ச் மாதத்துக்கு முன்னால் புட்டியில் அடைக்கப்படாமல் இருப்பதால்தான் அதற்குச் சதைப்பற்றும், நாக்கில் லேசாகக் குத்தும் வாயுவும் வருகின்றன. சிப்பியின் உவர்ப்புக்கு இது கச்சிதம். கெடுப்பது வெங்காயம் போட்ட வினிகர்ச் சாறு. அதை ஒரு கரண்டி ஊற்றினால் ஒயின் தண்ணீராகிவிடும். நாலு சொட்டு எலுமிச்சை போதும். 8 முதல் 10 டிகிரியில் ஊற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தால் மணம் எழாது, கால் மணி நேரம் வெளியில் வையுங்கள்.

விருந்தின் உச்சம் இரண்டாவது சுற்று. ஆற்று மீனான சாந்த்ர், மேலே பேர் பிளாங் என்ற வெண்ணெய்க் குழம்பு. ஆறு பேருக்கு மூன்று சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கி, 100 மி.லி. முஸ்காடே, இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்து, இரண்டு கரண்டி மிஞ்சும்வரை வற்றவிட்டு, குளிர்ந்த வெண்ணெய் 200 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக் கலக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். விரலை வைத்தால் தாங்கும் சூடுதான் எல்லை.

இவ்வளவு வெண்ணெய்க்குச் சாதாரண முஸ்காடே ஈடுகொடுக்காது. ஆஞ்சே அருகே தகட்டுப் பாறைச் சரிவுகளில் விளையும் சவேனியேர் வேண்டும். முழுக்க ஷெனின், கனமானது, முடிவில் இளங்கசப்பு இருக்கும். அந்தக் கசப்பு வெண்ணெயின் இனிப்பை அழகாகக் கட்டிப்போடுகிறது. இளம் புட்டி திறந்தவுடன் மணம் அடங்கியே இருக்கும், ஒரு மணி நேரம் முன்பே கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிட வேண்டும். வெப்பநிலை 12 டிகிரி. பதிலாகத் தூர் பக்கத்து ஷெனின் ஒயினான வூவ்ரே எடுப்பதானால் 'செக்' (இனிப்பில்லாதது) என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். வூவ்ரே இனிப்பே இல்லாததிலிருந்து தேன் இனிப்புவரை எல்லா வகையிலும் வருகிறது. தெரியாமல் அரை இனிப்பான 'டெமி-செக்' வாங்கிவிட்டால், புளித்த குழம்போடு அதன் இனிப்பு இன்னும் தூக்கலாகத் தெரிந்து திகட்டும்.

இந்தச் சுற்றுக்குச் சிவப்பு கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். சிவப்பு ஒயினில் கூடுதலாக இருக்கக்கூடிய இரும்பு, மீனோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி அடிக்கும்.

மூன்றாவது சுற்றான ஆட்டுத் தொடை வாட்டலுக்கு, கபர்னே ஃபிராங்கில் செய்த சிவப்பு ஒயினான ஷினோன். ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது இலகுவானது, சுண்ணாம்புப் பாறைச் சரிவில் விளைந்தது ஆழமானது. இங்கே இரண்டாவதுதான் தேவை, ஐந்து வருடமாவது ஆகியிருக்கட்டும். கபர்னே ஃபிராங் சரியாகப் பழுக்காத ஆண்டில் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கும். ஐந்து புட்டிகளில் ஏமாற்றம் தர அதிக வாய்ப்புள்ளது இதுதான். இறைச்சிக்கு உப்பைத் தாராளமாகப் போட்டால் துவர்ப்பு அடங்கும். மிளகு, காரம் ஏறினால் அதே துவர்ப்பு முரட்டுத்தனமாகிவிடும். 15, 16 டிகிரிதான் அளவு.

அடுத்தது பாலாடைக்கட்டி. ஷினோனையே தொடர்வது பலருடைய பழக்கம், ஆனால் ஆட்டுப்பால் கட்டியின் புளிப்போடு சிவப்பின் துவர்ப்பு மோதி உலோக ருசி வருகிறது. வெள்ளைக்குத் திரும்புங்கள். 1976-இல் பெயர்க் காப்பு பெற்ற ஆட்டுப்பால் கட்டியான குரோட்டன் த ஷவின்யோலுக்குச் சான்சேரைவிட நெருங்கிய துணை கிடையாது, ஷவின்யோல் கிராமமே சான்சேர் திராட்சைத் தோட்டங்களுக்குள்தான் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு ரொட்டி, தண்ணீர், புதுக் கோப்பை இருந்தால் சிவப்புக்குப் பின் வெள்ளை என்பது உறுத்தாது. கட்டி மிக இளசாக இருந்தால் வெறும் புளிப்பு, முற்றிக் காய்ந்துவிட்டால் காட்டம். மேல்தோல் சுருங்கத் தொடங்கிய நடுப்பருவம் வாங்கி, ஒரு மணி நேரம் வெளியில் வைத்துப் பரிமாறுங்கள். சான்சேர் தன் பெயருக்கே ஒரு விலை வாங்கும். பக்கத்து ஊர் ஒயினான மெனெத்து-சலோன் அதே திராட்சை, பெரும்பாலும் விலை குறைவு.

கடைசியாக, காரமெல் ஆப்பிள் பலகாரமான தார்த் தத்தானுக்கு, ஷெனினில் செய்த இனிப்பு ஒயினான கோத்தோ து லேயோன். இனிப்பு ஒயின் பலகாரத்தைவிடச் சற்றாவது கூடுதல் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்துக் காட்டும். ஆப்பிளின் காரமெலைச் சற்றுக் கறுக்கும்வரை விட்டால் அந்தக் கசப்பே சமன் செய்யும். ஐஸ்கிரீம் வைக்காதீர்கள், நாக்கு மரத்துப்போகும்.

பணம் இடிக்கிறது என்றால் விட வேண்டியது சான்சேர். சவேனியேரில் மூன்றில் ஒரு பங்கை மீன் சுற்றிலேயே எடுத்து வைத்தால் பாலாடைக்கட்டிக்கு அதுவே போதும். குடுவையில் காற்றுப்பட்ட பிறகு அது இன்னும் நன்றாகவே இருக்கும்.