அணில்பிள்ளைக்குக் கால்சியம் வாங்கப் போய் 1,850 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் எழுத மாட்டேன், என்னைத் தெரியும்.

வைகாசி கடைசியில் தேங்காய் வெட்டும்போது மட்டையோடு ஓர் அணில்கூடு விழுந்தது. ஒன்றுதான் பிழைத்தது, கண்கூடத் திறக்கவில்லை. நாய்க்குட்டிக்கான பால்பவுடரைக் கரைத்து இங்க் ஃபில்லரில் ஊட்டினோம். பல் முளைத்ததும் நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம் என்று கேட்டதெல்லாம் கொடுத்தோம். இடவப்பாதி மழை விடாததால் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது, வெயில் படவில்லை. அது என் தப்பு.

ஆடி கடைசியில் துள்ளல் குறைந்தது. கால்சியம் போதாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாகர்கோவிலில் கிளி, மீன், நாய்க்குட்டி விற்கிற ஒரு கடைக்குப் போனேன். அந்தப் பையன் டப்பாவைத் திறந்து, பொடியை விரலில் தொட்டுத் தன் நாக்கிலேயே வைத்தான். "எக்கா, வெளிநாட்டுச் சாதனம். அணிலுக்குன்னே செய்தது. என் வீட்டு அணிலுக்கும் இதுதான்" என்று போனில் படமும் காட்டினான். புசுபுசுவென்ற வாலோடு அது கடலை கொறித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில்தான் நான் விழுந்தேன். 1,850 ரூபாய். பேரம் பேச நாக்கு எழவில்லை.

மூன்று வாரம், தினமும் இரண்டு வேளை. போன திங்கட்கிழமை காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது.

கால்நடை டாக்டர் முதலில் டப்பாவைத்தான் கேட்டார். மேலே ஒட்டியிருந்த அணில் படத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் மாடு! தீவனத்தில் கலக்கிற தாது உப்பு. அதில் இருந்தது டைகால்சியம் பாஸ்பேட். கால்சியமும் உண்டு, கூடவே பாஸ்பரஸும் உண்டு. அணிலுக்குப் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு கால்சியம் வேண்டுமாம். நிலக்கடலையில் கால்சியத்தைப் போல நாலு மடங்கு பாஸ்பரஸ், தேங்காயில் அதைவிட மோசம். ஏற்கெனவே கூடிக் கிடந்ததற்கு மேல் நான் காசு கொடுத்து இன்னும் பாஸ்பரஸ் ஊட்டியிருக்கிறேன். பாஸ்பரஸ் கூடினால் ரத்தத்தில் கால்சியம் குறையுமாம், குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் பின்னங்கால் விழுந்ததாம்.

"கணவாய் மீன் ஓட்டைச் சுரண்டிக் கொடுத்திருக்கலாமே, அது கால்சியம் கார்பனேட்தானே" என்றார். நான் கடற்கரை ஊரான முட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் கரையில் பொறுக்கி விளையாடிய சாமான் அது. ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டு 1,850 ரூபாய்.

கடைக்குப் போனேன். "முதலாளி திருவனந்தபுரம் போயிருக்காரு." மறுநாள் போனால், "கம்பெனிக்காரன்ட்ட கேளுங்க." எந்தக் கம்பெனி? பதில் இல்லை. "பில் இருக்கா?" அவன் தந்தது 1,850 என்று மட்டும் எழுதின துண்டுச் சீட்டு. மூன்றாம் நாள் முதலாளியே இருந்தார். "அணில் எல்லாம் வீட்டில நிக்காதும்மா, நீங்க கொடுத்த அளவு தப்பு" என்றார். வேண்டுமானால் மீன் தீவனம் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொள்ளலாமாம்! அன்று காட்டிய படத்தை மறுபடி காட்டச் சொன்னேன். அந்த அணிலின் முதுகில் கோடே இல்லை. நம்ம ஊரில் எந்த வீட்டில் ஐயா வளர்கிறது கோடில்லாத அணில்?

இப்போது போனும் எடுப்பதில்லை.

என்ன கொடுக்கலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. டப்பாவில் பாஸ்பரஸ், பாஸ்பேட் என்று இருந்தால் தொடாதீர்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே கிழித்துப் பாருங்கள். கடலை, தேங்காயைக் குறையுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள், காலை வெயிலில் வையுங்கள். நடை தளர்ந்தால் கடைக்கு ஓடாமல் டாக்டரிடம் போங்கள். அளவையும் அவரிடமே கேளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.

இன்று இடது கால் கொஞ்சம் ஊன்றுகிறது, வலது கால் இல்லை. மருந்து நேரம் ஆயிற்று, போகிறேன்.