மீட்டரை ஆன் செய்ய தனிச் சுவிட்சா, ஃபிலிம் நகர்த்தும் லிவரா?

பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கப் போகிறவர்கள் லென்ஸைப் பார்ப்பார்கள், ஷட்டர் வேகத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை எப்படி ஆன் செய்வது, எப்படி ஆஃப் செய்வது என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் கேமராவை எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும் கை முதலில் போவது அங்கேதான். ஒலிம்பஸ் ஓ.எம்.-1, நிக்கான் எஃப்.இ.2 இரண்டையும் வைத்துப் படம் எடுத்துவிட்டு, எஃப்.இ.2-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு முக்கியக் காரணம் இந்தச் சுவிட்ச்தான்.

முதலில் ஓ.எம்.-1. கட்டுப்பாடுகளின் அமைப்பில் இதை மிஞ்சுவது கஷ்டம். ஷட்டர் வேக வளையம் லென்ஸைச் சுற்றியே இருப்பதால், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் வேகம், அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஃபோகஸ் மூன்றையும் இடது கையாலேயே மாற்றலாம். எஃப்.இ.2-இல் இந்தச் சுகம் இல்லை. மீட்டர் சுவிட்ச் மட்டும் மேல்தட்டின் இடது பக்கத்தில் தனியாக ஒரு சின்ன லிவராக இருக்கிறது. அதைத் திருப்புவதற்கும் படம் எடுப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபிலிமை நகர்த்துவது, ஃபோகஸ் செய்வது, பட்டனை அழுத்துவது எதுவுமே கையை அந்த மூலைக்குக் கொண்டுபோகாது. அதனால் மறப்பது சுலபம். மறந்தால் தானாக அணையவும் செய்யாது. பேட்டரி தீரும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓ.எம்.-1-இன் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி செத்தாலும் மீட்டர் மட்டும்தான் போகும், படம் எடுக்கலாம். அப்புறம், அதற்கென்று செய்யப்பட்ட 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. பதிலுக்குப் பலரும் ஸிங்க்-ஏர் போடுகிறார்கள். அதன் ஒட்டுத்தாளை உரித்துக் காற்று புகுந்துவிட்டால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் சில மாதங்களில் அது தீர்ந்துவிடும். ஆக, ஸிங்க்-ஏர் போடுகிறவருக்கு இந்த மறதி அவ்வளவு பெரிய நஷ்டம் இல்லை.

எஃப்.இ.2 வேறு ஜாதி. 1983-இல் வந்த இந்தக் கேமராவில் ஷட்டர் எலெக்ட்ரானிக். பேட்டரி இல்லையென்றால் எம்250 என்ற 1/250 நொடி வேகமும், பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பி-யும்தான் மிஞ்சும். ஆகவே பேட்டரியைக் காப்பது இங்கே உண்மையிலேயே முக்கியம். நிக்கான் இதற்குத் தனிச் சுவிட்ச் வைக்கவில்லை, ஃபிலிம் நகர்த்தும் லிவரையே சுவிட்சாக்கிவிட்டது. லிவரைக் கட்டைவிரலால் கொஞ்சம் வெளியே இழுத்தால் ஷட்டர் பட்டனின் பூட்டு திறக்கும். பட்டனைப் பாதி அழுத்தினால் மீட்டர் விழித்துக்கொள்ளும், வ்யூஃபைண்டரின் இடது ஓரத்தில் கறுப்பு முள் எழும்பி வேகத்தைக் காட்டும். விரலை எடுத்தபின் சுமார் 16 நொடியில் தானே அணைந்துவிடும். லிவரை உள்ளே தள்ளினால் மீட்டரும் ஆஃப், பட்டனும் பூட்டு.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஆன் செய்வது தனி வேலையாகவே தெரிவதில்லை. அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தக் கட்டைவிரல் எப்படியும் அங்கேதான் வரும். இருட்டில்கூடக் கேமரா எந்த நிலையில் இருக்கிறதென்று கண்ணால் பார்க்கத் தேவையில்லை, லிவர் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலுக்கே தெரியும். பைக்குள் வைக்கும்போது துருத்திய லிவர் துணியில் மாட்டும். அதுவே உள்ளே தள்ளச் சொல்லிவிடும். தள்ளாமல் விட்டாலும், பட்டனை எதுவும் அழுத்தாதவரை மீட்டர் எரியாது. இதற்கு முந்தைய எஃப்.இ-யில் இந்த 16 நொடிக் கணக்கு கிடையாது. லிவர் வெளியே இருக்கும்வரை மீட்டரும் ஓடும். இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்டாக்ஸ் கே1000-இல் சுவிட்சே கிடையாது, வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடி தொலையாதவரை பிரச்சினை இல்லை. மினோல்டா எக்ஸ்-700-இல் பட்டனை விரல் தொட்டாலே மீட்டர் விழித்துக்கொள்ளும். பழகிவிட்டால் அருமையாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் இரவல் வாங்கிக் கொஞ்சம்தான் பார்த்தேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். லைக்கா எம்6-இலும் பாதி அழுத்தல்தான், ஆனால் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றியிருந்தால்தான் மீட்டர் பேசும்.

லிவர் முறையின் பெரிய குறை இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு. வெளியே நீட்டிய லிவர் அவர்களுடைய வலது கண் பக்கமோ நெற்றியிலோ இடிக்கும். நான் வலது கண்காரன் என்பதால் அந்த அவஸ்தை எவ்வளவு என்று சொந்த அனுபவத்தில் சொல்ல முடியாது. இடது கண் நண்பர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே நிக்கானை ஒதுக்குகிறார்கள், அதில் தப்பில்லை. அவர்களுக்கு நான் ஓ.எம்.-1-ஐயே சொல்வேன்.

வலது கண்காரர்கள் பழைய எஃப்.இ.2 வாங்குவதானால், கையில் எடுத்ததும் லிவரை வெளியே இழுத்து விடுங்கள். அது தளராமல் அங்கேயே நிற்க வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தி விட்டுவிட்டு முள்ளைக் கவனியுங்கள். 16 நொடிக்கு வெகுமுன்பே அது துள்ளினாலோ விழுந்தாலோ, முதலில் புது பேட்டரி போட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள்.