லீவு நாளில் ரோலர் கோஸ்டர்: காலையில் ஊழியன், மாலையில் பயணி

தேசிய விடுமுறை நாளில் எல்லோரும் குடும்பத்தோடு தீம் பார்க்குக்குக் கிளம்ப, நான் மட்டும் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தற்காலிக வேலை, ரோலர் கோஸ்டர் மேடையில் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் சாயங்காலம் முழுக்க இலவசமாகச் சுற்றலாம் என்றார்கள். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

வாயில் திறப்பதற்கு முன் ரயிலை ஆளில்லாமல் சில சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். கூட்டத்தின் இரைச்சல் இல்லாததால் ஏற்றத்தில் வரும் அந்த 'கடக் கடக்' தெளிவாகக் கேட்டது. சங்கிலிதான் அப்படிக் கத்துகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லையாம். ரயிலுக்கு அடியில் இருக்கும் ஒரு கொக்கி, தடத்திலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக ஏறி விழுகிற சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். நம்மைப் பயமுறுத்துவதே காவல்காரன்தான்! கடைசிச் சுற்றில் எங்களையும் ஏற்றினார்கள். நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கதவு திறந்தது.

ஒரு ரயிலில் 24 இருக்கை. ஒவ்வொருவர் தொடைமேலும் இறங்கும் கம்பியை அழுத்தி, இழுத்துப் பார்த்து, கட்டைவிரல் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 720 பேர் போகலாம். மூன்று நிமிடமானால் 480 பேர்தான். அதாவது ஒரு மணி நேரக் காத்திருப்பு ஒன்றரை மணி நேரமாகிவிடும். அந்த ஒரு நிமிடத்தைத் தின்றது பை. பைகளை வைக்கும் அலமாரி மேடையின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. இருக்கைகளைத் தாண்டிப் போய்ப் பையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை என்று ஞாபகம் வரும். மறுபடி எழுந்திருப்பார்கள். லாக்கரை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன், சிரித்தார்.

உயரம் அளக்கும் கம்பமும் அப்படித்தான். நுழைவில் ஒன்று இருக்கிறது, ஆனால் கூட்டம் அதை மறைத்துவிட்டது. அவ்வளவு நேரம் நின்று மேடைக்கு வந்த ஒரு பையன், ஷூவுக்குள் கால்விரலை ஊன்றி எம்பி நின்றான். கோட்டுக்கு இரண்டு விரல் குறைவு. "அடுத்த மாசம் வளர்ந்துடுவான், விடுங்க சார்" என்றார் அவன் அப்பா. கம்பி அவன் உடம்பில் சரியாகப் பதியாது, விட முடியாது. அன்று எனக்குக் கால்வலியைவிட அவன் முகம்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு அதே வரிசையில் போய் நின்றேன். முதல் வரிசை இருக்கைக்குத்தான் எப்போதும் அடிதடி. நான் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கினேன். முன்பெட்டிகள் உச்சியைத் தாண்டிச் சரியத் தொடங்கியதும் பின்பெட்டியைப் பிடித்து இழுக்கும், அதனால் உச்சியை வேகமாகக் கடப்பது கடைசியில் இருப்பவர்தான். உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது, வயிறு எங்கேயோ போனது. காலையில் ஏறிய ரயிலா இது என்றிருந்தது. வெயிலில் சக்கரங்களின் கிரீஸ் இளகிவிட்டால் வேகம் கூடும், அதுவும் ஒரு காரணம். தடத்துக்கு அடியிலும் சக்கரம் பிடித்துக்கொண்டிருப்பதால் இப்படித் துள்ளினாலும் ரயில் கழன்று போகாது. ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் அந்த உத்திக்கு 1919-ல் காப்புரிமை பெற்றார். அந்தப் புண்ணியவானை நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர்ச் சறுக்கு சுமார், ஷூ நனைந்ததுதான் மிச்சம். ராட்டினம் மெதுவாகச் சுற்றியது, நின்று நின்று வீங்கிய காலுக்கு அது போதும்.

விடுமுறை நாளில்தான் போக முடியும் என்றால் கதவு திறந்ததும் நேராகக் கோஸ்டருக்கு ஓடுங்கள். இல்லையென்றால் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் போங்கள். நானும் அப்போது இன்னொரு முறை ஏறினேன். சுற்று முடிந்து மேடைக்குச் சற்று முன்னால் ரயில் சடாரென்று நின்றுவிட்டது. முன்னால் உள்ள ரயில் கிளம்பாதவரை அடுத்ததை உள்ளே விடமாட்டார்கள். பக்கத்திலிருந்த பெண் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது ரிப்பேரா?" என்றார்.

"இல்லைங்க, யாரோ பையைத் தேடுகிறார்கள்" என்றேன்.