தகரப் படகு: வாங்கும்போதே ஊதிப் பாருங்கள்

எண்ணெய்த் திரியில் 'டடடட' என்று ஓடும் தகரப் படகு திருவிழாக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, இணையத்திலும் விற்கிறார்கள். பழைய படகுக்கும் இதற்கும் அமைப்பில் வித்தியாசம் இல்லை. 1891இல் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே சங்கதிதான்: ஒரு சின்னக் கொதிகலன், அதிலிருந்து படகின் பின்பக்கம் இறங்கும் இரண்டு குழாய். சத்தம் போடும் மெல்லிய தகடு பிறகு வந்து சேர்ந்தது.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்க்க வேண்டியது ஈயப்பற்று. கொதிகலனின் ஓரத்திலோ குழாய் சேரும் இடத்திலோ ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் படகு நகராது. ஒரு குழாயை விரலால் மூடி, இன்னொன்றில் ஸ்ட்ராவைச் செருகி, கொதிகலனைத் தண்ணீரில் முக்கி ஊதுங்கள். குமிழ் வந்தால் வேறு படகு கேளுங்கள். அப்படியே மேல் தகட்டை மெல்லத் தொட்டால் 'டிக்' என்று அமுங்கி எழ வேண்டும். அழுத்திவிடாதீர்கள், மடிப்பு விழுந்தால் சத்தம் போச்சு.

ஓடாத படகுகளில் முக்கால்வாசி பழுதே இல்லாதவை, தண்ணீர் சரியாக நிரப்பாதவை. இங்க் ஃபில்லரால் ஒரு குழாயில் தண்ணீரைச் செலுத்துங்கள். மற்றக் குழாயில் குமிழ் இல்லாமல் தண்ணீர் வழியும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு இரண்டு வாயையும் விரலால் அடைத்தபடியே தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அங்கேதான் விரலை எடுக்க வேண்டும். அரை அங்குல விளக்குத்திரியும் ஆறேழு சொட்டு தேங்காய் எண்ணெயும் போதும். எண்ணெய் தளும்பினால் தட்டே பற்றிக்கொள்ளும். திரியைக் கொளுத்திக் கொதிகலனுக்கு நேர் கீழே தள்ளினால் ஒரு நிமிடத்துக்குள் சத்தம் கிளம்பும்.

உள்ளே நடப்பது இதுதான். நீராவி குழாயிலிருக்கும் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும். உடனே குளிர்ந்து சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பீய்ச்சுவது ஒரே திசையில், இழுப்பது சுற்றிலுமிருந்து. அதனால்தான் படகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்காமல் முன்னாலேயே போகிறது.

கொஞ்சம் ஓடி நின்றுவிட்டால் முதலில் குழாய் வாயைப் பாருங்கள். முன்பக்கக் கனத்தில் பின்பக்கம் தூக்கியிருந்தால் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கும். பின்னால் ஒரு சின்ன நட்டு வைத்தால் சரியாகிவிடும். படகு நின்ற பிறகும் சுடர் எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வற்றிவிட்டால் சர்ரென்று ஏறும். சாதாரண ஈயப்பற்று 190 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சத்தம் வருகிறது, வேகம் இல்லை என்றால் கொதிகலன் அடியில் படிந்த கரியைத் துடைத்தாலே போதும்.

விளையாட்டுச் சாமானாக இதற்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், பேட்டரி படகில் இந்தச் சத்தம் கிடையாது. ஆனால் தகர விளிம்பு பிளேடு மாதிரி இருக்கிறது. உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பெயின்டிலும் பற்றிலும் காரீயம் இருக்கலாம் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இது ஆகவே ஆகாது. பெரிய பிள்ளைகள் ஓட்டும்போதும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றினால் குழாயில் உப்புப் படியும், மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ நல்லது. ஓட்டி முடித்ததும் ஆறவிட்டு, ஸ்ட்ரா வைத்து ஊதி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் அடுத்த லீவுக்குள் குழாய் துருப்பிடித்து அடைத்துவிடும்.