வன்னியில் கிரவல் ஓட்டம்: மேற்குக் கரையா, முல்லைத்தீவுக் கரையா, குளத்து வாய்க்காலா?

இலங்கையின் வடக்கே, வன்னிக் கரையில் சைக்கிளுக்கு ஏற்றமே இல்லை. மன்னாரில் தொடங்கிப் பூநகரி மட்டும் போனாலும் சரி, பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போனாலும் சரி, மூச்சு வாங்க வைக்கிற மேடு ஒன்று கூட வராது. தட்டையான நிலம்தானே, சும்மா மிதித்துவிடலாம் என்று வருகிற ஆட்களைக் காற்றும் மணலும்தான் இறக்கி உருட்ட வைக்கின்றன. அதனால் எந்தப் பக்கம் வடிவு என்று யாராவது கேட்டால், எந்த மாதம் வாறீங்கள், என்ன ரயர் போட்டிருக்கிறீங்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்று பாதைகளும் மூன்று விதம். என் தெரிவு மேற்குக் கரை. ஆனால் கடலை ஒட்டி அல்ல, கடலில் இருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே.

முதலில் மேற்கை எடுப்போம். மன்னாரில் இருந்து பூநகரி வரும் ஏ32 வீதி இப்போது காப்பெற் போட்ட வழுவழுப்பான தார் ரோட்டு. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று அது நேராக வடக்கே போகும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கும் இதுதான் குறுக்கு வழி என்பதால் பேருந்தும் பாரவண்டியும் வேகமாக வரும். கிரவல், அதாவது தார் போடாத சரளைப் பாதை, வேண்டுமென்றால் இந்த ரோட்டை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு இடையிடையே இறங்கி ஏற வேண்டும். கிராஞ்சி, வேரவில், வலைப்பாடு பக்கம் இறங்கும் கிளை வீதிகள், ஜெயபுரத்துக் காணிகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதைகள், வெள்ளாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் துணுக்காய், மல்லாவிப் பக்கத்துக் குளங்களைச் சுற்றிப் போகும் தடங்கள், எல்லாமே நல்ல ஓட்டம். றோலர் போட்டு ஒரு மழை பார்த்த கிரவல் என்றால் தார் ரோட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. டிப்பரும் உழவு மெசினும் ஓடி ஓடி அலையலையாக எழும்பிய இடம் வந்தால் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் புல் முளைத்த தடத்தைப் பிடியுங்கள், கை கடுக்காது.

இந்தப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடல் தெரிகிறதே என்று ரோட்டை விட்டுத் தரவைக்குள், அந்தக் கரையோர உப்பு வெளிக்குள், இறங்கிவிடாதீர்கள். காய்ந்து வெடித்து, மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, சிமெந்து போட்ட முற்றம் மாதிரித் தெரியும். முதல் நூறு மீற்றர் பறக்கலாம். பிறகு மேல் ஓடு உடையும், கீழே கறுப்புச் சேறு, அது ரயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் அடைத்துச் சில்லையே சுற்ற விடாது. குச்சியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும், அதில் உப்பும் இருப்பதால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் செயினைக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும். விடத்தல்தீவுக் கண்டல் காட்டையும் பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் ஊர் வீதியாலேயே போய்ப் பாருங்கள். கௌதாரிமுனையும் அப்படித்தான். மணல் மேடுகளும் கடலும் மனதை விட்டுப் போகாது, ஆனால் 40 மில்லிமீற்றர் ரயரோடு போனால் அங்கே நீங்கள் சைக்கிள் ஓட்டவில்லை, சைக்கிளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறீர்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேற்கைப் பற்றிப் பேச முடியாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை வரிசையாக நட்டு, 103.5 மெகாவாட் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மே தொடங்கிச் செப்ரெம்பர் மட்டும் சோளகம் தென்மேற்கில் இருந்து விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் மன்னாரில் தொடங்கிப் பூநகரிக்கு ஓடினால் காற்று முதுகில். அதையே மறுபக்கமாக ஓடுபவர் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார். தையில் வாடை வடகிழக்கில் இருந்து வரும், அப்போது பூநகரியில் தொடங்குங்கள். போய்த் திரும்பி வருகிற திட்டம் போடுபவர்கள், காற்றுக்கு எதிரான பாதியைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். விடியலில் காற்று கொஞ்சம் தணிந்திருக்கும்.

சரி, முல்லைத்தீவுக்கு வருவோம். கடல் கிட்ட, தென்னையும் பனையும், வெள்ளை மணல், மீன் வாடிகள். கண்ணுக்கு மேற்கை விட இது ஒரு படி மேல்தான். ஆனால் கிரவல் குறைவு. தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று போகும் பிரதான வீதி தார். அதை விட்டு இறங்கினால் பெரும்பாலும் ஒரேயடியாக மணல். கொக்கிளாய் முகத்துவாரத்தோடு கரைப் பாதை முடிந்துவிடும், ஆகவே வந்த வழியே திரும்ப வேண்டும். கிரவல் தேடுபவருக்கு இந்தப் பக்கத்தில் பொருத்தமானது நந்திக்கடல் என்கிற களப்பின் மேற்கு ஓரம்: முள்ளியவளையில் இருந்து வற்றாப்பளை, கேப்பாப்புலவு, அப்படியே புதுக்குடியிருப்பு. வைகாசிப் பொங்கல் காலத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரும் சனத்துக்குள் சைக்கிள் நுழையாது, அந்த நாட்களைத் தவிருங்கள், அல்லது சைக்கிளை விட்டுவிட்டுப் பொங்கலுக்கே போங்கள்.

நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையில் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுமாத்தளன் என்று நீளும் அந்த ஒடுங்கிய நிலத்தை நான் ஒரு ‘பாதை’ என்று யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 2009 மே மாதம் போர் முடிந்த இடம் அது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மணல்தான் கடைசியாக ஆட்களைக் கண்ட இடம். போகக்கூடாது என்று சொல்லவில்லை, போக வேண்டும். ஆனால் இறங்கி நில்லுங்கள், நேரம் பார்க்கிற கருவியை நிறுத்துங்கள், மே 18க்கு அண்மித்த நாட்களில் அங்கே சனம் அழுதுகொண்டிருக்கும்போது ஹெல்மெற்றும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, குளமும் வாய்க்காலும். கடல் இல்லாதபடியால் வெளியில் இருந்து வருபவர்கள் இதைக் கணக்கெடுப்பதில்லை, அது பெரிய இழப்பு. கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுக் குளத்தில் இருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் பிரிந்து வடக்கே வயல்களுக்குள் போகின்றன. பக்கத்திலேயே வாய்க்கால் ரோட்டு. உருத்திரபுரம் பக்கமோ வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கமோ எங்கே திரும்பினாலும் கிரவல், ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மறுபக்கம் நெல்லு, இடையில் மருதமர நிழல். தேத்தண்ணிக் கடை ஒவ்வொரு சந்தியிலும் உண்டு. சோளகத்தையும் மரங்கள் கொஞ்சம் உடைத்துவிடும். மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால்களும் அடம்பன் வயல்வெளியும் இதே குணம். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனிதான் நல்ல காலம். ஆனால் ரோட்டில் நெல்லுக் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேலே ஏற்றாதீர்கள், ஓரமாக இறங்கிப் போங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் மழை, குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வாய்க்கால் ரோட்டு அரிந்துபோகும், அந்த மாதங்களில் மூன்று பாதையுமே வேண்டாம்.

பாதுகாப்பில் இரண்டு விசயம். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கள், பலகை இல்லாவிட்டாலும் பழகின தடத்தை விட்டுப் பற்றைக்குள் போகாதீர்கள், சலம் கழிக்கக் கூட. அப்புறம் யானை. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இருக்கக்கூடாது. ஊர்க்காரர் “இனிப் போகாதேங்கோ தம்பி” என்றால் அதற்கு மேல் விவாதம் இல்லை.

சைக்கிளிலும் இதே போட்டி இருக்கிறது. கொழும்பில் வாங்கிய விலை கூடின கிரவல் சைக்கிளா, ஊரில் ஓடுகிற 26 அங்குல லுமாலா மௌண்டனா? ஓட்டத்துக்கு முன்னது, உடைந்தால் பின்னது. 26க்கு ரயரும் ரியூப்பும் முழங்காவிலிலும் கிடைக்கும். கிரவல் சைக்கிளின் 700சி சில்லுக்கு, எங்கள் அப்பாமாரின் பழைய ராலி சைக்கிளில் போடுகிற 28 அங்குல ரயர் ஏறாது. விட்டம் 13 மில்லிமீற்றர் வித்தியாசம். அதன் ரியூப்பை அவசரத்துக்கு உள்ளே திணிக்கலாம் என்றாலும் வால்வு தடிப்பு, ஒடுங்கிய ஓட்டை போட்ட ரிம்முக்குள் நுழையாது. ஆகவே இரண்டு ரியூப், ஒட்டுப்போடும் சாமான், கைப் பம்ப் மூன்றையும் நீங்களே கொண்டு வர வேண்டும். நெருஞ்சி முள்ளும், மன்னார்ப் பக்கத்து உடை முள்ளும் எந்தப் பாதையிலும் உண்டு. ரயரை 45 மில்லிமீற்றருக்குக் குறைய எடுக்காதீர்கள், மணல் வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, திரும்பக் கிரவலுக்கு ஏறும்போது அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் கிளிநொச்சியில் விடியத் தொடங்கி இரணைமடுக் கட்டு, பிறகு இடதுகரை வாய்க்காலோடு உருத்திரபுரம், அங்கிருந்து குஞ்சுப்பரந்தன் வழியே பூநகரி. இரண்டு நாள் என்றால் அடுத்த நாள் தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம். அது சோளகக் காலமானால் இதையே தலைகீழாக, வெள்ளாங்குளத்தில் தொடங்கி ஓடுங்கள்.