மரத்துக்கு எந்த டிரில் பிட் நீடித்து உழைக்கும்?

டிரில் பிட், அதாவது டிரில் கருவியில் மாட்டித் துளை போடும் அலகு; அதன் முதல் எதிரி சூடு. சாதாரண கார்பன் எஃகுப் பிட் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பதம் இழக்கத் தொடங்கும். எச்எஸ்எஸ் எனப்படும் ஹைஸ்பீடு எஃகு ஏறக்குறைய 600 டிகிரி வரை தாங்கும். இந்த இரண்டில் ஒன்று என்றால் யோசிக்கவே வேண்டாம், எச்எஸ்எஸ்தான்.

தங்க நிறப் பிட்டுகளின் மேல் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அதன் கனம் சில மைக்ரான்தான். உள்ளே நல்ல எச்எஸ்எஸ் இருந்தால் சரி. மட்டமான எஃகின் மேல் பூசியிருந்தால் பளபளப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம். சாணை பிடித்ததும் வெட்டும் முனையில் பூச்சு போய்விடும். கோபால்ட் பிட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எம்35 வகையில் சுமார் 5 சதவீதமும் எம்42 வகையில் சுமார் 8 சதவீதமும் கோபால்ட் எஃகிலேயே கலந்திருக்கும். ஆனால் அதன் அருமை துருப்பிடிக்காத எஃகைத் துளைக்கும்போதுதான் தெரியும். மரத்துக்கு அது வீண் செலவு, பக்கவாட்டில் அழுத்தினால் முறிந்தும் போகும்.

மர வேலையில் நான் அதிகம் பார்ப்பது முனையின் வடிவத்தைத்தான். உடல் முழுக்கச் சுருள் பள்ளம் கொண்ட சாதாரண ட்விஸ்ட் பிட்டின் முனை பெரும்பாலும் 118 டிகிரி கோணத்தில் இருக்கும். குறித்த இடத்தில் நிற்காமல் நார் போகும் திசையில் வழுக்கும். பிராட் பாயின்ட் பிட்டில் நடுவே ஊசிமுனை இருப்பதால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஓரத்தில் உள்ள இரண்டு கூர்மைகள் நாரை முதலில் அறுத்துவிடுவதால் துளையின் வாய் பிசிறில்லாமல் வரும். புதிய பலகைக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழைய பலகை என்றால் கதையே வேறு. உள்ளே மறைந்திருந்த ஓர் ஆணியில் பட்டு என் 8 மிமீ பிராட் பாயின்ட் ஒரே நொடியில் வீணானது. அன்றிலிருந்து பழைய மரத்துக்கு ட்விஸ்ட் பிட்தான். மழுங்கினாலும் சாணை பிடிப்பது எளிது.

பெரிய துளைக்குத் தட்டையான தகடு போன்ற ஸ்பேடு பிட் மலிவு, வேகம். ஆனால் பலகையின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கம்பி நுழைக்கும் மறைவான துளைக்கு அது போதும். அலமாரிக் கதவின் 35 மிமீ கீல் குழிக்கு ஃபார்ஸ்ட்னர் பிட்தான் வேண்டும், அடிப்பக்கம் தட்டையாக வரும். அதை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூட்டினால் மரமும் கருகும், முனையும் போகும்.

பொழுதுபோக்கு வேலைக்கான 1, 2 மிமீ பிட்டுகள் மழுங்குவதற்கு முன்பே முறிந்துவிடும். மின்சுற்றுப் பலகையில் உள்ள கண்ணாடி இழை எச்எஸ்எஸ்ஸைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதால் அங்கே எஃகைவிடக் கடினமான கார்பைடு பிட் நல்லது. ஆனால் கை சற்று ஆடினாலும் அது ஒடியும், டிரில் ஸ்டாண்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

நூறு பிட் கொண்ட பெட்டியைவிட 3, 4, 5, 6, 8 மிமீ அளவுகளில் நல்ல எச்எஸ்எஸ் பிராட் பாயின்ட் ஐந்தும், அதே அளவுகளில் ட்விஸ்ட் ஐந்தும் போதும். 3 மிமீ மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள், திருகாணிக்கு முன்துளை போட அதைத்தான் அதிகம் எடுப்பீர்கள்.